லைசென்ஸ் துப்பாக்கிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் தேடி அலைந்த அனுபவம்

வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள், அதுவும் அப்பா தாத்தா காலத்துப் பழைய துப்பாக்கி என்றால், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரு ஸ்பிரிங்குக்கும் ஒரு மரத்துண்டுக்கும் நான் ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தேன். இதையெல்லாம் யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும், எங்கே கேஸில் மாட்டிவிடுவோமோ என்று தூக்கம் வராமல் கிடந்த ராத்திரிகளும் இருந்திருக்காது. சொல்வதற்கு ஆள் கிடைக்கவில்லை. துப்பாக்கி விஷயம் என்றாலே எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், தெரிந்தவர்கள்கூட வாயைத் திறப்பதில்லை.

எங்கள் தோட்டம் பேரையூர் தாண்டி சாப்டூர் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது. தென்னை கொஞ்சம், மக்காச்சோளம், மழை பெய்தால் கடலை. தாத்தா அந்தக் காலத்தில் மெட்ராஸில் வாங்கிய, வெப்லி அண்ட் ஸ்காட் என்கிற இங்கிலீஷ் கம்பெனியின் ரெட்டைக்குழல் துப்பாக்கி, 12 போர் (குழலின் அளவு), அவருக்குப் பிறகு அப்பா பேருக்கு முறைப்படி மாறி வந்தது. அதை வைத்து யாரும் வேட்டைக்குப் போனதில்லை. காட்டுப்பன்றி இறங்குகிற மாதங்களில் ராத்திரி ஒரு வெடிச் சத்தம் கேட்டால் கூட்டம் மலைப் பக்கம் திரும்பிவிடும், அவ்வளவுதான் அதற்கு வேலை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. துப்பாக்கி லைசென்ஸ் இருப்பதால் பன்றியைச் சுடலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு போட்ட உத்தரவும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றிகளை வனத்துறை ஆட்கள் சுடுவதற்குத்தான். விவசாயி தன் துப்பாக்கியை எடுத்துப் பன்றியைச் சுட்டால் அது வன உயிரினச் சட்டத்தில் கேஸ்.

எல்லாம் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஆரம்பித்தது. மார்ச் 16-ஆம் தேதி தேர்தல் அறிவித்தார்கள், நடத்தை விதி வந்துவிட்டது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது இங்கே எல்லாருக்கும் பழகிப்போன விஷயம், அப்பாவும் ஒவ்வொரு தேர்தலுக்கும் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வருகிறவர்தான். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ஆம் தேதியே ஓட்டுப்பதிவு முடிந்தாலும் ஜூன் 4-ஆம் தேதி எண்ணி முடித்து விதி விலகும்வரை துப்பாக்கி அங்கேதான். திரும்பி வாங்கி வந்த அன்று சாயங்காலம் திண்ணையில் துணியை விரித்து அதைத் துடைக்க உட்கார்ந்தார். குழலை மாட்டினார், முன்கட்டையை மாட்டப் பார்த்தார், அது பூட்டவே இல்லை. ரெட்டைக்குழல் துப்பாக்கி மூன்று துண்டாகக் கழலும்: குழல் ஒன்று, குழலுக்கு அடியில் இடது கை பிடிக்கிற மரக்கட்டை ஒன்று (இதைக் கடைக்காரர்கள் ஃபோர்எண்ட் என்பார்கள்), விசையும் பின்கட்டையும் சேர்ந்தது ஒன்று. மூன்றிலும் நம்பர் அடித்திருக்கும். எங்களிடம் வந்த முன்கட்டையின் இரும்பில் இருந்தது வேறு நம்பர். யாருடைய துப்பாக்கியின் கட்டையோ எங்களிடம் வந்திருக்கிறது. அதோடு இடது குழலின் விசையை அழுத்தினால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை, குழல் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துரு வேறு. அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எழுபதைத் தாண்டியவர், துப்பாக்கியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டவர், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் படுத்துவிட்டார். எனக்கு வந்தது கோபம்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனோம். ரைட்டர் ரசீதைக் காட்டச் சொன்னார். ரசீதில் "டி.பி.பி.எல். துப்பாக்கி 1" (ரெட்டைக்குழலைக் காகிதத்தில் அப்படித்தான் எழுதுவார்கள்) என்று மட்டும் இருந்தது, லைசென்ஸ் நம்பரும் அப்பா பெயரும் இருந்தன. "ஒண்ணு குடுத்தீங்க, ஒண்ணு வாங்கிட்டீங்கல்லய்யா" என்றார். பதில் சொல்ல எங்களிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. இந்த இடத்தில்தான் எல்லாரும் கவனமாக இருக்க வேண்டும். ஒப்படைக்கும்போது துப்பாக்கியை மூன்று துண்டாகக் கழற்றி ஒவ்வொன்றின் நம்பரும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவிடுங்கள். ரசீதில் குழல் நம்பர், விசை இருக்கிற துண்டின் ஆக்‌ஷன் நம்பர், ஃபோர்எண்ட் நம்பர் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். இடம் இல்லை என்றால் நீங்களே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் ஸ்டேஷன் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். மூன்று துண்டிலும் தனித்தனியாகத் துணிச்சீட்டு கட்டுங்கள், அட்டை கிழிந்துபோகும். குழலுக்கு உள்ளேயும் வெளியேயும் எண்ணெய் தடவிக் கொடுங்கள், ஆனால் தோல் உறையில் போட்டுக் கொடுக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உள்ளேயே துருவேற்றும். இன்னொன்று, தோட்டா இல்லாமல் விசையைத் தட்டிப் பார்க்க வேண்டாம் என்று அங்கே இருப்பவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். சும்மா கிடக்கிற துப்பாக்கியை எடுத்து டக் டக் என்று தட்டிப் பார்ப்பது எல்லாருக்கும் ஆசை, பழைய துப்பாக்கியின் ஃபயரிங் பின்னும் (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கிற ஊசி) ஸ்பிரிங்கும் போவது பெரும்பாலும் அப்படித்தான்.

ஸ்டேஷன் வேண்டாம் என்றால் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலும் ஒப்படைக்கலாம், மாத வாடகை வாங்குவார்கள், ரசீதை ஸ்டேஷனில் காட்டினால் போதும். கடைக்காரருக்கு எதை எப்படி வைக்க வேண்டும் என்று தெரியும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சரி, கட்டை மாறியதை அப்புறம் பார்ப்போம், உள்ளே உடைந்ததையாவது சரிசெய்வோம் என்று மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷன், பிரித்துப் பார்த்துவிட்டு இடது பக்க மெயின் ஸ்பிரிங் இரண்டாக உடைந்திருக்கிறது, ஃபயரிங் பின்னின் முனையும் போயிருக்கிறது என்றார். ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்குச் சிரித்தார். அப்போது எனக்குக் காரணம் புரியவில்லை, பிறகு அவரே உட்கார வைத்து விளக்கினார். டிவிஎஸ் 50-க்கு வாங்குகிற மாதிரி மாடல் பெயரைச் சொல்லி வாங்குகிற பொருள் இல்லை இது. எங்களுடையது பாக்ஸ்லாக் என்கிற வகை, 1875-ல் பர்மிங்ஹாமில் ஆன்சன், டீலி என்று இரண்டு பேர் கண்டுபிடித்த அமைப்பு. சுத்தியல் வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பாகத்தையும் மிஸ்திரி கையால் அரம் போட்டு அந்தந்தத் துப்பாக்கிக்கென்று பொருத்தியிருப்பார். அதனால் அதே கம்பெனி, அதே மாடல், அடுத்தடுத்த நம்பர் துப்பாக்கியாக இருந்தாலும் ஒன்றின் பாகம் இன்னொன்றில் அப்படியே உட்காராது. கம்பெனியும் துப்பாக்கி செய்வதை எழுபதுகளின் கடைசியிலேயே நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி இறக்குமதி எண்பதுகளின் நடுவிலிருந்தே நம் ஊரில் கிட்டத்தட்ட நின்றுபோன விஷயம், அதனால் பழைய இங்கிலீஷ் துப்பாக்கிக்குப் புதுப் பாகம் என்று எந்தக் கடையிலும் ஸ்டாக் இருக்காது. நம் அரசு தொழிற்சாலைத் துப்பாக்கி என்றால் கதை வேறு. முன்னே ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி போர்டு என்று இருந்ததை 2021 அக்டோபர் 1-ஆம் தேதி ஏழு கம்பெனியாகப் பிரித்தார்கள், துப்பாக்கி செய்கிற இஷாப்பூர், கான்பூர், நம் திருச்சி எல்லாம் இப்போது அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் கம்பெனிக்குக் கீழே வருகின்றன. அந்தத் துப்பாக்கிகளுக்கு டீலர் மூலம் எழுதிக் கேட்டுப் பாகம் வாங்க வழி உண்டு. நீங்கள் புதிதாகத் துப்பாக்கி வாங்குவதாக இருந்தால் இதை யோசித்து வாங்குங்கள். அழகாக இருக்கிறது, இங்கிலீஷ் துப்பாக்கி என்று பழசை வாங்கினால் பின்னாடி கஷ்டப்படுவீர்கள்.

லண்டனில் பெரியப்பா பையன் இருக்கிறான். அங்கே பழைய பர்மிங்ஹாம் துப்பாக்கிகளுக்கு ஸ்பிரிங்கும் பின்னும் விற்கிற கடைகள் உண்டு என்று இணையத்தில் பார்த்துவிட்டு அவனிடம் கேட்டேன். "வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டாந்துடறேன்டா, சுண்டுவிரல் அளவு தானே" என்றான். எனக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஆனாலும் மனசுக்குள் ஒரு உறுத்தல் இருந்ததால் டீலரைக் கேட்டேன், அவர் பதறிவிட்டார். ஆயுதச் சட்டத்தில் பத்தாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, லைசென்ஸ் இல்லாமல் ஆயுதத்தை நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, அதில் பாகமும் சேரும், விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடித்தால் அந்தப் பையனின் வாழ்க்கையே போய்விடும் என்றார். அன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இதற்கிடையில் வடக்கே ஒரு ஊரிலிருந்து போனில் பேசிய ஒருத்தர், தான் டீலர், எல்லா இங்கிலீஷ் துப்பாக்கிக்கும் ஸ்பேர் இருக்கிறது என்று போட்டோவெல்லாம் அனுப்பி முன்பணம் கேட்டார். 3,000 ரூபாய் அனுப்பினேன். அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கப்படவே இல்லை. உண்மையான டீலருக்கு லைசென்ஸ் நம்பர் இருக்கும், கடை முகவரி இருக்கும், உங்கள் லைசென்ஸ் நகலை அவர்தான் முதலில் கேட்பார். உங்களிடம் லைசென்ஸ் கேட்காமல் பாகம் விற்க வருகிறவர் யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்ததுதான் என்னை நிஜமாகவே ஆட்டிவைத்த விஷயம். நான் இப்படித் தேடுகிறேன் என்பது எப்படியோ பரவி, ஒரு நாள் டீக்கடையில் ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோர்ட், ஸ்டேஷன் என்று போய் வந்து காரியம் முடித்துக் கொடுக்கிற ஆள். "தம்பி, கேஸ்ல பிடிச்ச துப்பாக்கி எத்தனையோ மூட்டை மூட்டையா துருப்பிடிச்சுக் கெடக்கு. கேஸ் முடிஞ்சு போனது, யாரும் கேக்க மாட்டாக. அதுல இங்கிலீஷ் துப்பாக்கியும் இருக்கு. ஸ்பிரிங், பின்னு, கட்டை எல்லாம் கழட்டித் தரச் சொல்றேன், எட்டாயிரம் குடுத்துருங்க" என்றார். தயங்கினேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "அட, சுங்கத்துறை பிடிச்ச துப்பாக்கிய கவர்மெண்டே எம்.பி.மாருக்கு வித்திருக்கு, நாம ஒரு ஸ்பிரிங் எடுத்தா தப்பா?" என்றார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தோட்டத்தில் முக்கால் ஏக்கர் கடலையைப் பன்றி கிளறிப் போட்டிருந்தது, அப்பா தினமும் அந்தத் துப்பாக்கியை எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறார், வீணாய்க் கிடக்கிற இரும்பில் ஒரு துண்டு எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் தோன்றியது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்து, உறவில் அண்ணன் முறையாகிற வக்கீல் ஒருத்தரிடம் நேராகப் போனேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் இரண்டாவது பிரிவிலேயே ஆயுதம் என்றால் என்ன, துப்பாக்கி என்றால் என்ன என்று விளக்கம் இருக்கிறது. துப்பாக்கி என்பதற்குள்ளேயே அதன் பாகங்களும் அடங்கும் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் சட்டத்தின் கண்ணில் அந்த ஃபயரிங் பின்னும் ஒரு துப்பாக்கி. நீங்கள் யூடியூபில் பார்க்கிற அமெரிக்கக்காரர்கள் பாகங்களை ஆன்லைனில் வாங்கிக் குவிக்கிறார்களே என்று கேட்டேன். அங்கே 1968-ஆம் வருஷச் சட்டப்படி துப்பாக்கியின் நடுச்சட்டம் (மற்ற பாகங்களைத் தாங்குகிற ஃப்ரேம்) மட்டும்தான் துப்பாக்கி, அதில்தான் நம்பர் இருக்கும், மற்ற பாகமெல்லாம் வெறும் இரும்பு. அதனால் போலீஸ் பறிமுதல் செய்த துப்பாக்கிகளை அழிக்கக் குத்தகை எடுத்தவர்கள்கூட அந்த நடுச்சட்டத்தை மட்டும் நசுக்கிவிட்டு மிச்சப் பாகங்களை விற்கிற வழக்கம் அங்கே இருக்கிறது, அதுவே அங்கே பெரிய சர்ச்சையாகவும் ஆகியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இங்கே செய்தால் நேராக ஜெயில்தான் என்றார்.

பறிமுதல் துப்பாக்கி எந்த வழியில் போகும் என்பதையும் சொன்னார். ஸ்டேஷனில் பிடித்ததும் மகஜர் போட்டு வழக்குச் சொத்தாகப் பதிவார்கள், தடய அறிவியல் துறைக்குப் போய்ச் சோதனை ஆகி வரும், கோர்ட்டில் சான்றுப்பொருளாக நம்பர் விழும். தீர்ப்பு வந்தாலும் அப்பீல் காலம் முடியும்வரை அசையாது. பிறகு கோர்ட் உத்தரவுதான் அதை என்ன செய்வது என்று சொல்லும், ஆயுதச் சட்டம் 32-ஆம் பிரிவில் பறிமுதலுக்கு உத்தரவிட கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. அதில் ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றினால் கோர்ட் சொத்தைத் திருடியதாகும், வாங்கினவர் மேல் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவில் திருட்டுப் பொருளை வாங்கிய கேஸ், லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்ததற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு முதல் ஐந்து வருஷம், அதற்கு மேல் அப்பாவின் லைசென்ஸும் போகும். "அதவிட மோசமானது ஒண்ணு இருக்கு, அந்தத் துப்பாக்கி கொலை கேஸ்ல உள்ளதா இருந்தா, அதோட பாகம் ஒங்க வீட்டுத் துப்பாக்கியில இருக்கும். அப்பீல்ல மறுபடி சோதனைக்கு அனுப்புனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு" என்றார். கை காலெல்லாம் சில்லிட்டுப் போனது எனக்கு. எம்.பி.க்களுக்கு விற்றது பற்றிக் கேட்டேன். அது நடந்தது உண்மை, ஆனால் அது முழுத் துப்பாக்கியை அரசே ரசீது போட்டு விற்றது, வாங்கினவர் லைசென்ஸில் நம்பர் ஏறியது, டீக்கடை பேரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது என்று முடித்தார்.

லேத் பட்டறை பற்றியும் அப்போதே கேட்டுக்கொண்டேன், ஏனென்றால் மதுரையில் எந்தப் பாகம் உடைந்தாலும் நாம் முதலில் ஓடுவது பட்டறைக்குத்தான், எனக்குத் தெரிந்த பட்டறை அண்ணன் ஒருத்தரும் "குடு மாப்ள, ஒரு மணி நேரத்துல கடைஞ்சு தர்றேன்" என்று சொல்லியிருந்தார். துப்பாக்கிப் பாகம் செய்வதும் ரிப்பேர் செய்வதும் ஐந்தாவது பிரிவில் தனி லைசென்ஸ் வேண்டிய தொழில். லைசென்ஸ் இல்லாமல் செய்தால் குறைந்தது ஏழு வருஷம், ஆயுள் வரை போகலாம். நம்மேல் உள்ள பிரியத்தில் உதவுகிற அந்த மனுஷனைத்தான் முதலில் தூக்குவார்கள். அவர் குடும்பத்தை நினைத்தாவது யாரும் இதைச் செய்யாதீர்கள். சட்டத்தை விடுங்கள், பாதுகாப்பும் இருக்கிறது. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வெடிக்கிற பொருள். எந்த இரும்பு, எவ்வளவு பதம் என்று தெரியாதவர் செய்த பாகத்தை நம்பித் தோட்டா போடுவது கண்ணோடு விளையாடுவது.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் எழுத்தில் செய்தோம், அங்கிருந்துதான் காரியம் நகர ஆரம்பித்தது. அப்பா பெயரில் ஒரு மனு: எங்கள் துப்பாக்கியின் மூன்று நம்பர், இப்போது எங்களிடம் இருக்கிற முன்கட்டையின் நம்பர், ஒப்படைத்த தேதி, திரும்ப வாங்கிய தேதி, போட்டோக்கள். ஸ்டேஷனுக்கு ஒன்று, லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரிக்கு ஒன்று, பதிவுத் தபாலில். மாவட்டத்தில் கலெக்டர் அலுவலகம், மதுரை மாநகரம் என்றால் போலீஸ் கமிஷனர் அலுவலகம். இந்த மனு கட்டை கிடைப்பதற்காக மட்டும் இல்லை. புதுப்பிக்கும்போது துப்பாக்கியை நேரில் காட்டச் சொன்னால், வேறு நம்பர் பாகம் உங்களிடம் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த நகல்தான் பதில். முன்கட்டை மாறியது தெரிந்த நாளிலேயே இந்தக் கடிதத்தைப் போட்டுவிடுங்கள், தாமதிக்கிற ஒவ்வொரு வாரமும் உங்களுக்குத்தான் ஆபத்து. மனு போன பிறகு ஸ்டேஷனில் புதிதாக வந்திருந்த அதிகாரி ஒருத்தர் பதிவேட்டை எடுத்து, அந்தத் தேர்தலில் ஒப்படைத்த ரெட்டைக்குழல்காரர்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு நம்பரைப் பார்க்கச் சொன்னார். எழுமலைப் பக்கம் ஒரு பெரியவர் வீட்டில் எங்கள் கட்டை இருந்தது. அவரும் இதே மாதிரி பூட்டவில்லையே என்று தவித்துக்கொண்டு, வெளியே சொன்னால் வம்பாகுமோ என்று பயந்து பரணில் போட்டு வைத்திருந்தார். ஸ்டேஷனிலேயே வைத்து எழுத்துப்பூர்வமாக மாற்றிக்கொண்டோம். அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

ஸ்பிரிங் விஷயம் வேறு ஒரு ஊரில் ரிப்பேர் லைசென்ஸும் வைத்திருக்கிற டீலர் மூலம் முடிந்தது. அப்பாவால் அவ்வளவு தூரம் வர முடியாது. லைசென்ஸ்தாரர் எழுத்துப்பூர்வமாக அதிகாரம் கொடுத்தால் ரிப்பேருக்காகவோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ வேறொருவர் துப்பாக்கியைக் கொண்டுபோகலாம் என்று மூன்றாவது பிரிவிலேயே இடம் இருக்கிறது. அப்பாவிடம் கடிதம் எழுதி வாங்கினேன், அசல் லைசென்ஸ், ஆதார், டீலர் வரச் சொன்ன கடிதம் எல்லாம் ஒரு பையில். துப்பாக்கியைக் கழற்றி உறையில், தோட்டா ஒன்றுகூட இல்லாமல். வழியில் வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள், காகிதத்தைக் காட்டியதும் இரண்டு நிமிஷத்தில் விட்டுவிட்டார்கள். லைசென்ஸ் எந்த எல்லைவரை செல்லும் என்று கிளம்புவதற்கு முன் பாருங்கள், எங்களுடையது தமிழ்நாடு முழுமைக்கும்தான். வெளிமாநில மிஸ்திரியிடம் கொண்டுபோக ஆசைப்பட்டால் அகில இந்திய அனுமதி இருக்க வேண்டும்.

அந்த டீலரிடம், லைசென்ஸ்தாரர் இறந்து வாரிசுகள் வேண்டாம் என்று விற்றுவிட்ட பழைய பாக்ஸ்லாக் துப்பாக்கிகள் ஸ்டாக்கில் இருந்தன. குழல் தேய்ந்து சுட லாயக்கில்லாத ஒன்றிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்து, எங்கள் துப்பாக்கிக்குத் தக்கபடி அவரது மிஸ்திரி பொருத்தினார். ஃபயரிங் பின்னை அந்த மிஸ்திரியே செய்தார். ஸ்பிரிங் பழைய பாகம்தான், ஆனால் பதிவேட்டில் ஏறி, பில்லில் எங்கள் லைசென்ஸ் நம்பரோடு வந்த பாகம். பழைய துப்பாக்கிப் பாகம் வேண்டும் என்றால் இப்படிப்பட்ட டீலரைத்தான் தேட வேண்டும். பில்லில் எந்தப் பாகம் மாற்றியது என்று தெளிவாக எழுதச் சொல்லி வாங்கி லைசென்ஸோடு வையுங்கள். உடைந்த பழைய பாகத்தையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், டீலரிடமே விட்டு அதையும் பில்லில் குறிக்கச் சொல்லுங்கள். இன்னொரு முக்கியமான விஷயமும் அங்கேதான் தெரிந்தது. எங்கள் துப்பாக்கியில் தோட்டா உட்காருகிற அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கானது, 65 மில்லிமீட்டர். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். நீளத் தோட்டா உள்ளே போகத்தான் செய்யும், ஆனால் வெடிக்கும்போது வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். இத்தனை வருஷமாக அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம் என்று கேட்டதும் வயிறு கலங்கிவிட்டது. பழைய துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் இந்த ஒன்றுக்காகவாவது டீலரிடம் ஒரு தடவை காட்டி விடுங்கள்.

ரிப்பேர் கூலி, பாகம் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்குள்தான் ஆனது. போக்குவரத்து, தங்கல், மனு, ஏமாந்த முன்பணம் என்று மற்றச் செலவு அதைவிட அதிகம், கடலை போனது தனி. முதலிலேயே ரிப்பேர் லைசென்ஸ் உள்ள டீலரைத் தேடியிருந்தால் ஒரு மாதத்தில் முடிகிற வேலை. துப்பாக்கி விற்கிற கடை எல்லாவற்றுக்கும் ரிப்பேர் உரிமம் இருக்காது, கடைக்குள் நுழைந்ததும் முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள்.

இப்போது துப்பாக்கியை என் பேருக்கு மாற்ற மனு போட்டிருக்கிறோம். லைசென்ஸ்தாரர் இறந்த பிறகுதான் வாரிசுக்கு மாற்ற முடியும் என்று ஊரில் நினைக்கிறார்கள். 2016 ஆயுத விதிகளின் 25-ஆவது விதிப்படி லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்குக் கொடுக்கலாம். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று கேட்பார்கள், தாசில்தார் அறிக்கையும் போலீஸ் அறிக்கையும் போக வேண்டும். அக்கா, தங்கச்சி கையெழுத்தெல்லாம் வாங்கியாகிவிட்டது, போலீஸ் விசாரணையும் முடிந்தது, தாசில்தார் அறிக்கைக்காகக் காத்திருக்கிறோம். மனுவோடு ரிப்பேர் பில்லின் நகலையும், கட்டை மாற்றிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் எழுதிய காகிதத்தின் நகலையும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன்.